இலாகவ முகாமையும் இடனறிதலும்

ஒவ்வொரு காலத்திலும் முகாமைத் துறையினரின் நாவில் ஒரு சொல் மேலோங்கி நிற்பது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'விஞ்ஞான முகாமை' என்ற தொடர் அவ்வாறு நின்றது. இருபத்தோராம் நூற்றாண்டில் அவ்விடத்தைப் பெற்றிருப்பது 'அஜைல்' என்னும் ஆங்கிலச் சொல். உடல் இலேசாக வளைந்து திரும்பி இயங்கும் ஆற்றலைக் குறிக்கும் அச்சொல்லைத் தமிழில் 'இலாகவம்' எனலாம். கணினி மென்பொருள் எழுதுவோர் தம் தொழிலை ஒழுங்குசெய்து கொள்ளுமாறு வகுத்த சில முறைகளுக்குப் பொதுப்பெயராய் எழுந்த இச்சொல், இன்று வங்கி, வைத்தியசாலை, விமானத் தொழிற்சாலை, அரசாங்கத் திணைக்களம், பாடசாலை ஆகிய பல களங்களிலும் வழங்குகின்றது. ஒரு தொழிலில் விளைந்த முறை பிறிதொரு தொழிலுக்குப் பொருந்துமா என்னும் வினா இதனால் எழுகின்றது.

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் இரு திறத்தினர். எத்தொழிலாயினும் இலாகவ முறையைக் கையாண்டால் காலமும் பணமும் மீதமாகும் என்பர் ஒரு சாரார். மென்பொருளுக்கு மட்டுமே உரிய முறையை இரும்பையும் சீமெந்தையும் உயிரையும் கையாளும் தொழில்களிற் புகுத்துதல் பேதைமை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் ஒன்றற்கொன்று முரணாயினும், இலாகவ முறை மென்பொருட் டொழிலிற் பிறந்து அங்கிருந்து பிற தொழில்களுக்குச் சென்றது என்னும் கருத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அக்கருத்தே முதலில் ஆராயப்பட வேண்டியது.

இம்முறையின் மூலநூல் எனத்தக்கது, 'இலாகவ மென்பொருள் ஆக்கத்துக்கான பிரகடனம்' என்ற பொருள்படும் தலைப்பினையுடைய சிறு பத்திரமாகும். 2001ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 11ஆம் திகதி முதல் 13ஆம் திகதி வரை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் யூற்றா மாநிலத்து மலைப்பகுதியிலுள்ள ஸ்னோபேர்ட் என்னும் பனிச்சறுக்கு விடுதியில் மென்பொருள் துறையினர் 17 பேர் கூடி அதனை ஆக்கினர். நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கோட்பாடுகளும் அதன் உள்ளடக்கம். நடைமுறை விதிகளிலும் கருவிகளிலும் மனிதரும் அவர்தம் ஊடாட்டமும் மேலானவை. விரிவான ஆவணங்களிலும் இயங்கும் மென்பொருள் மேலானது. ஒப்பந்த வாசகங்களைப் பற்றி வாதாடுவதிலும் வாடிக்கையாளரோடு இணைந்து உழைத்தல் மேலானது. வகுத்த திட்டத்தை விடாது பற்றுவதிலும் மாற்றத்துக்கு இடங்கொடுத்தல் மேலானது என்பன அந்நான்கின் சாரம்.

இப்பத்திரத்தை வாசிப்போர் பலர் அதன் வாக்கிய அமைப்பைக் கவனிப்பதில்லை. நான்கு விழுமியங்களும் ஒன்றினும் ஒன்று மேல் என்னும் உறழ்ச்சிப் பொருளில் அமைந்தவை. தாழ்த்திக் கூறப்பட்டவற்றுக்கும் பெறுமதி உண்டென்பதைப் பத்திரமே வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றது. ஆவணம் வேண்டா, திட்டம் வேண்டா என்று அது யாண்டும் கூறவில்லை. அவ்வாறாகவும், திட்டமிடும் உழைப்பிலிருந்து தப்ப விரும்புவோர் இப்பத்திரத்தைத் தமக்கு அரணாகக் கொள்வதும், ஒழுங்கை விரும்புவோர் அதனை ஒழுங்கின்மையின் சாசனம் எனக் கண்டிப்பதும் நிகழ்கின்றன. உறழ்ச்சியை விலக்காகக் கொண்ட பிழையே இரு திறத்தார் கூற்றுக்கும் காரணமாகும்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. பத்திரத்தின் தலைப்பிலேயே 'மென்பொருள்' என்னும் சொல் நிற்கின்றது. பிற தொழிலார் இதனை ஏற்கும்போது அச்சொல்லை நீக்கிவிட்டுத் தத்தம் தொழிற்பொருளை அவ்விடத்தில் வைக்கின்றனர். 'இயங்கும் மென்பொருள்' இருந்த இடத்தில் 'இயங்கும் பாலம்' என்று வைத்தால் நிகழ்வது யாது? ஒரு மென்பொருளின் பத்திலொரு பங்கை முடித்துப் பயன்படுத்துவோர் கையிற் கொடுக்கலாம். அவர் அதனைக் கையாண்டு குறை கூறலாம். ஆற்றின் குறுக்கே பத்திலொரு பங்கு கட்டப்பட்ட பாலத்தின்மேல் நடப்பார் எவருமிலர். எனவே, சொல்லை மாற்றிவைப்பதால் முறை மாறிச் செல்வதில்லை. அம்முறை எந்தக் காரணத்தால் ஓரிடத்திற் பயன்தந்தது என்பதை அறிந்த பின்னரே அக்காரணம் பிறிதோரிடத்தில் உண்டா என்று தேட இயலும்.

காரணத்தைத் தேடுமிடத்து வரலாறு துணைசெய்கின்றது. இலாகவ முறையினர் தமக்கு மாறாகக் காட்டுவது 'நீர்வீழ்ச்சி முறை' எனப்படுவது. தேவைகளை முற்ற அறிதல், வடிவமைத்தல், ஆக்குதல், சோதித்தல் என்னும் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழே விழும் நீர்போலத் திரும்பாது கடப்பது அது. இதன் தந்தை என வின்ஸ்ரன் றொய்ஸ் என்பாரைப் பலர் குறிப்பிடுவர். அவர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் அப்படிகளைக் காட்டும் படம் உண்டு. ஆயின் அப்பெயர் இல்லை. அன்றியும், அம்முறையைக் காட்டியவுடனேயே, சோதனை இறுதியில் நிகழ்வதால் அது ஆபத்து நிறைந்தது என்று அவர் எச்சரித்து, திருத்தங்களும் கூறுகின்றார். நோயை விளக்கிய வைத்தியரையே நோய்க்குக் காரணர் எனப் பழித்ததை இது ஒக்கும்.

நீர்வீழ்ச்சி முறைக்கு மாற்றாக எழுந்தவற்றுள் பெருவழக்குப் பெற்றது 'ஸ்கிரம்' என்பது. றகர் பந்தாட்டத்தில் இரு கட்சியாரும் தோளோடு தோள் நெருக்கி நிற்கும் நிலையைக் குறிக்கும் சொல் அது. இப்பெயரைத் தொழில் முகாமைக்குத் தந்தவர் மென்பொருள் துறையினர் அல்லர். யப்பானிய அறிஞர்களான ஹிரோத்தக்க தக்கேயுச்சி, இகுஜிரோ நொனாக்க ஆகிய இருவரும் 1986இல் ஹாவார்ட் வணிக ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்து அது வந்தது. அவர்கள் ஆராய்ந்தவை ஹொண்டாவின் சிறிய மோட்டார் வாகனம், பூஜி-செறொக்ஸ், கனன் ஆகிய கொம்பனிகளின் பிரதியெடுக்கும் இயந்திரங்கள், கனனின் புகைப்படக் கருவிகள் முதலியன. ஒருவர் ஓடி முடித்துக் கோலை மற்றவரிடம் கொடுக்கும் அஞ்சலோட்டம் போலன்றி, பந்தைத் தம்முள் மாற்றி மாற்றிக் குழு முழுவதும் ஒருங்கே முன்னேறும் றகர் ஆட்டம் போன்று புதிய பொருள்கள் ஆக்கப்பட்டன என்பது அவர்கள் கண்ட உண்மை. ஜெவ் சதர்லாந்து, கென் சுவேபர் ஆகிய இருவரும் இக்கருத்தை மென்பொருள் ஆக்கத்துக்கு இசைத்து, 1995இல் ஒரு மாநாட்டில் ஸ்கிரம் முறையாக எடுத்துரைத்தனர்.

இதனினும் முற்பட்டது ரொயோட்டா உற்பத்தி முறை. மென்பொருள் குழுக்களின் சுவர்களில் இன்று காணப்படும் 'கன்பான்' அட்டைகள், தாய்ச்சி ஓனோ என்னும் பொறியியலாளர் மோட்டார்த் தொழிற்சாலையிற் பயன்படுத்திய அட்டைகளின் வழிவந்தவை. குறை கண்டவிடத்துத் தொழிலாளி எவரும் கயிற்றை இழுத்து உற்பத்தித் தொடரையே நிறுத்தலாம் என்னும் ஒழுங்கும் அத்தொழிற்சாலைக்கு உரியது. அவ்வொழுங்கின் வேரைத் தேடின் அது மோட்டார் வாகனத்தையும் கடந்து நெசவுத் தறிக்குச் செல்கின்றது. சகிச்சி ரொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்ததும் தானே நின்றுவிடும். பிழையோடு நூறு முழம் நெய்து முடித்துப் பின் வருந்துவதிலும் பிழை தோன்றிய கணத்தில் நின்று திருத்துதல் மலிவு என்பதே அத்தறியின் தத்துவம்.

ஆகவே இலாகவ முறை மென்பொருளின் தனிச்சொத்து அன்று. தறியிலும் தொழிற்சாலையிலும் முளைத்த கருத்து மென்பொருளிற் புகுந்து செழித்து, புதிய பெயர் பூண்டு தன் பழைய இல்லத்துக்கு விருந்தாளியாய்த் திரும்பியிருக்கின்றது. மென்பொருளில் அது ஏன் அவ்வளவு செழித்தது என்பதே கேட்கத்தக்க வினா. மென்பொருளுக்கு மூலப்பொருள் எழுத்தாகும். எழுதியதை அழித்து எழுதுவதில் இரும்பு உருக வேண்டியதில்லை. சுவர் இடிய வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கொரு முறை, நான்கு வாரத்துக்கொரு முறை எனச் சிறு சுற்றுக்களில் ஆக்கி, பயன்படுத்துவோரிடம் காட்டி, அவர் சொற்கேட்டுத் திருத்துதல் இதனால் எளிதாயிற்று. பிழையைத் திருத்தும் செலவு குறைவு, பிழையை அறிவிக்கும் சொல் விரைவில் வருவது என்னும் இரண்டுமே இம்முறையின் உயிர்நிலை. இவ்விரண்டும் உள்ள இடத்தில் அது பயன்தரும். இவற்றுள் ஒன்று இல்லாதவிடத்து வெறுஞ்சடங்காகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கத்தக்க முதல் எடுத்துக்காட்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி இசைநாடக மண்டபம். யோர்ன் உற்சன் என்னும் தென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞரின் வரைவு 1957இல் தெரிவுசெய்யப்பட்டது. அரசாங்கத்தின் அவசரத்தால், கூரையாக அமையும் ஓடுகளின் வடிவம் முடிவாகும் முன்னரே, 1959 மார்ச்சில் வேலை தொடங்கிற்று. பின்னர்க் கூரையின் பாரம் கணிக்கப்பட்டபோது, கீழே எழுப்பப்பட்டிருந்த தூண்கள் அதனைத் தாங்கமாட்டா எனக் காணப்பட்டு, அவை மீளக் கட்டப்பட்டன. உற்சன் 1966இற் பணியைத் துறந்தார். மண்டபம் 1973 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 70 இலட்சம் டொலர் என மதிப்பிடப்பட்ட செலவு 10 கோடி 20 இலட்சம் டொலராக உயர்ந்தது.

திட்டம் முற்றுப்பெறுமுன் தொடங்குதல் தவறு என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆயின் இதே கட்டடத்தில் மற்றொரு பாடமும் உண்டு. அக்கூரையின் வடிவத்துக்காக உற்சனும் ஓவ் அறப் என்னும் பொறியியலாளரின் நிறுவனத்தாரும் பல ஆண்டுகள் வரைந்தும் அழித்தும், மாதிரிகள் செய்தும், அக்காலத்துக் கணினியில் கணித்தும் ஒரு வடிவத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறினர். எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுத்தவையாகக் கொள்ளலாம் என்னும் தீர்வு 1961இற் கிடைத்தது. காகிதத்திற் பல்கால் திருத்தியது வெற்றிக்கு வழியாயிற்று. சீமெந்தில் ஒருமுறை திருத்தியது பெருநட்டமாயிற்று. தொழில் ஒன்றே, கட்டடமும் ஒன்றே. வேறுபட்டது திருத்தம் நிகழ்ந்த ஊடகம். ஆதலால் 'கட்டடத் தொழிலுக்கு இலாகவ முறை பொருந்துமா?' என்று தொழிலின் பெயரை வைத்துக் கேட்பதே பிழை. அத்தொழிலின் எந்தப் படியில் பொருந்தும் என்பதே கேட்கவேண்டியது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகத்தில் நிகழ்ந்தது. வழக்குக் கோவைகளைக் கணினிவழிப் பேணுவதற்கு அப்பணியகம் மேற்கொண்ட முதல் முயற்சிக்கு 800 பக்கங்களுக்கு மேற்பட்ட தேவைப் பட்டியல் எழுதப்பட்டது. ஏறத்தாழ 17 கோடி டொலர் பெறுமதியான அச்செயற்றிட்டம் 2005இற் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 'சென்ரினல்' என்னும் இரண்டாவது திட்டம் 2006இல் லொக்கீட் மார்ட்டின் கொம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது, அதுவும் பின்தங்கியது. 2010இற் பணியகம் வேலையைத் தானே பொறுப்பேற்று, சிறிய குழுவைக் கொண்டு இரண்டு வாரச் சுற்றுக்களில் நடத்தியது. 2012 யூலை முதலாந் திகதி அது பணியகமெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. 45 கோடி 10 இலட்சம் டொலர் என்ற வரவுசெலவெல்லையும் மீறப்படவில்லை. எழுத்தாலான பொருள், நாள்தோறும் அதனைக் கையாளும் உத்தியோகத்தர் அருகில் இருத்தல் என்னும் இரு நிபந்தனைகளும் ஈண்டு நிறைவுற்றன. ஆயினும் புதிய முறையின் கீழும் முதலிற் குறித்த தவணை தவறியே வேலை முடிந்தது என்பதை மறைத்தல் ஆகாது. மந்திரம்போல் காலத்தைச் சுருக்கும் வல்லமை எம்முறைக்கும் இல்லை.

போர்விமானம் போன்ற கடினமான பொருளை ஆக்குவோரும் இம்முறையைக் கையாள்கின்றனரே என ஒருவர் தடை நிகழ்த்தலாம். சுவீடன் நாட்டின் சாப் கொம்பனி, கிரிப்பன் விமானத்தின் புதிய வகையை ஆக்குகையில், மென்பொருள், பொறி, உடற்பகுதி ஆகியவற்றில் 100க்கு மேற்பட்ட குழுக்களை இவ்வாறு இயக்கியது உண்மை. மூன்று வாரச் சுற்றுக்களில் வேலை நிகழ்ந்தது. காலை 7.30 மணிக்குக் குழுக்கள் கூடித் தம் தடைகளைக் கூறும், தம்மால் தீர்க்க இயலாதவற்றை அடுத்த படிக்கு அனுப்பும், 8.45 மணிக்குள் அவை தலைமை அதிகாரிகள் கைக்குச் சேரும். ஆயின் இதனால் மேற்கூறிய அளவுகோல் பொய்யாகவில்லை. விமானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியின் மாற்றம் மற்றொன்றைக் குலைக்காதவாறு அமைத்து, பாவனைப் பொறிகளில் முன்னரே சோதித்தமையால், திருத்தத்தின் செலவு செயற்கையாகக் குறைக்கப்பட்டது. வானில் பறந்து பார்த்துப் பிழை கண்டறியும் முறையை அவர்கள் கைக்கொள்ளவில்லை. மாற்றம் மலிவாக உள்ள களத்தை அவர்கள் உழைத்து உண்டாக்கிக்கொண்டனர். கூட்டத்தின் நேரத்தைப் பின்பற்றுவோர் பலர். அந்த முன்னுழைப்பைப் பின்பற்றுவோர் சிலர்.

உயிரோடு தொடர்புடைய மருத்துவத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. கோவிட் தொற்றுக் காலத்தில் பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2020 மார்ச்சில் தொடங்கிய 'றிக்கவரி' என்னும் ஆய்வு குறிப்பிடத்தக்கது. பல மருந்துகள் ஒரே ஆய்வில் ஒருங்கே சோதிக்கப்பட்டன. பயன்தராதது நீக்கப்படும், புதியது சேர்க்கப்படும். 2020 யூன் மாதத் தொடக்கத்தில் ஹைட்ரொக்சிகுளோரோகுவின் பயனற்றதெனக் கண்டு நிறுத்தப்பட்டது. அம்மாதம் 16ஆம் திகதி, டெக்சாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாசம் பெறும் நோயாளரின் மரணத்தை மூன்றிலொரு பங்களவு குறைப்பதாக அறிவிக்கப்பட்டது. இவ்வாய்வினர் இலாகவ முறை என்னும் பெயரைச் சூடிக்கொண்டவரல்லர். ஆயினும் சிறுகச் சோதித்தல், விரைந்து அறிதல், அறிந்தபின் மாறுதல் என்னும் அதன் சாரம் இங்கு உண்டு. எப்போது நிறுத்துவது, எதனை வெற்றியெனக் கொள்வது, நோயாளரை எவ்வாறு குலுக்கல் முறையிற் பிரிப்பது என்பன தொடக்கத்திலேயே எழுதி உறுதிசெய்யப்பட்டிருந்தன. மாற்றத்துக்கு இடங்கொடுத்த அதே ஆய்வு, மாறாத விதிகளைத் தன் அடித்தளமாகக் கொண்டிருந்தது. ஆவணத்தையும் திட்டத்தையும் இகழ்வோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வேர்ஜீனியா மேசன் வைத்தியசாலை மற்றொரு வகையில் நினைவுகூரத்தக்கது. 2002இல் அதன் தலைவர்கள் யப்பான் சென்று தொழிற்சாலைகளைக் கண்டு, ரொயோட்டா முறையைத் தம் வைத்தியசாலைக்கு இசைத்தனர். நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடும் எனக் காணும் ஊழியர் எவரும் அபாய அறிவித்தல் கொடுத்து வேலையை நிறுத்தலாம் என்னும் ஒழுங்கை ஏற்படுத்தினர். தறியின் அறுந்த இழை இங்கு நோயாளியின் கட்டிலருகே மீண்டும் தோன்றுகின்றது. இதன் பெருமை அட்டையிலோ கூட்டத்திலோ இல்லை; தாழ்ந்த பதவியிலுள்ளார் ஒருவரின் சொல்லுக்கு மேலதிகாரியின் கையை நிறுத்தும் அதிகாரம் வழங்கப்பட்டதில் உள்ளது.

இவ்வதிகாரப் பகிர்வே இலாகவ முறையின் மிகக் கடினமான பகுதி. கடன்வாங்குவோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதியும் அதுவே. இசையை இணையவழி வழங்கும் ஸ்பொட்டிபை நிறுவனத்தில் குழுக்கள் எவ்வாறு அமைந்தன என்பதை விளக்கும் சிறு கட்டுரை 2012இல் வெளிவந்தது. அது தம் நிறுவனம் அந்நேரத்தில் நின்ற நிலையின் படம் மட்டுமே என ஆசிரியர்கள் குறிப்பிட்டிருந்தனர். எனினும் அது பலருக்கு மாதிரி நூலாயிற்று. நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கி 2015இல் தன் தலைமையகத்தை இத்தகைய வடிவத்தில் மாற்றியமைத்தது. ஏறத்தாழ 3,500 ஊழியர், ஒன்பதின்மர் கொண்ட சிறு குழுக்களாகவும் அவற்றைத் தொகுத்த பெருங்குழுக்களாகவும் பிரிக்கப்பட்டனர். புதிய சேவைகளை மக்களிடம் விரைந்து சேர்க்க இது உதவியதாக வங்கியின் தலைவர்கள் கூறினர். அம்மாற்றத்தின்போது தலைமையக ஊழியர் தத்தம் பதவி நீங்கியவராகக் கொள்ளப்பட்டு, புதிய அமைப்பில் இடம்வேண்டி மீள விண்ணப்பிக்குமாறு கேட்கப்பட்டனர் என்பதையும் அவர்களே தெரிவித்துள்ளனர். மனிதரை விதிகளுக்கு மேலாக மதிக்கும் பிரகடனத்தின் பெயரால் நிகழும் ஒரு சீர்திருத்தம், மனிதரைப் பதவியிழக்கச் செய்து தொடங்கலாமா என்பது விடைகாண வேண்டிய வினா. பிழையைத் துணிந்து கூறுவோரே இம்முறைக்கு வேண்டியவர். தன் இடம் நிலைக்குமோ என அஞ்சுவார் பிழையை மறைப்பரேயன்றிக் கூறமாட்டார்.

இத்தகைய திரிபைப் பிரகடனத்தை ஆக்கியோரே உணர்ந்திருந்தனர். அவருள் ஒருவரான டேவ் தோமஸ் 2014இல் எழுதிய கட்டுரையொன்றில், 'அஜைல்' என்பது பண்பு குறிக்கும் அடைமொழியாய் இருந்த நிலைமாறிப் பெயர்ச்சொல்லாகிவிட்டது எனக் குறைகூறினார். இலக்கணம் பயின்றார்க்கு இக்குறிப்பின் ஆழம் எளிதிற் புலனாகும். அடைமொழி ஒரு செயலைச் சார்ந்து நிற்பது. 'இலாகவமாகச் செய்தான்' என்னுமிடத்துச் செயலே தலைமை பெறும். பெயர்ச்சொல்லாயவிடத்து அது தனித்து நிற்கும். விற்கவும் வாங்கவும் படும். இன்று சில நாட் பயிற்சிக்குப்பின் வழங்கப்படும் சான்றிதழ்களும், ஆலோசகர் விற்கும் சட்டகங்களும் பெருகியுள்ளன. நாள்தோறும் 15 நிமிடம் குழுவினர் தம்முட் கூடி வேலையை ஒழுங்குசெய்வதற்கென அமைந்த கூட்டம், பல இடங்களில் மேலாளர் வரவெடுக்கும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. பெயர் இருக்கின்றது, பண்பு போய்விட்டது.

கல்வித்துறையும் இம்முறைக்குப் புறம்பானதாய் நிற்கவில்லை. நெதர்லாந்தின் அல்பன் நகரிலுள்ள ஒரு பாடசாலையில் இரசாயன ஆசிரியர் ஒருவர் 2011 அளவில் ஸ்கிரம் முறையை வகுப்பறைக்கு இசைத்தார். எதனைக் கற்பது, ஏன் கற்பது என்பவற்றை ஆசிரியர் வகுப்பார். எவ்வாறு கற்பது என்பதைச் சிறு குழுக்களாய்ப் பிரிந்த மாணவர் தாமே திட்டமிட்டு, வேலைகளைச் சுவரில் ஒட்டிய தாளிற் குறித்து, முடித்தவற்றை நகர்த்தி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தம் முறையைத் தாமே மீளாய்வர். பொறுப்புணர்ச்சி வளர்வதற்கு இது ஏற்ற வழி என்பதில் ஐயமில்லை. ஒப்படையின் முதல் வரைவைக் கண்டு குறைகூறித் திருப்பிக்கொடுக்கும் நல்லாசிரியர் எவரும் இதன் சாரத்தைப் பெயரறியாமலே கையாண்டு வந்துள்ளனர். ஆயினும் இங்கும் அளவுகோலை மறத்தலாகாது. ஒரு பாடத்திட்டம் பிழையெனக் கண்டு மூன்றாண்டின் பின் மாற்றுதல் அரசாங்கத்துக்குத் திருத்தம். அப்பிழையின்கீழ் அம்மூன்றாண்டும் கற்ற மாணவனுக்கு அது திருத்தமன்று. அவன் ஆண்டுகள் மீளா. பரிசோதனை என்னும் பெயரால் எளிதில் மாற்றத்தக்கவை ஒப்படையும் பயிற்சியும் போல்வன. மாணவனின் வாழ்நாளை அவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணுதல் கூடாது.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தை 47ஆவதாக வைத்து, அதனைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை முறையே அமைத்தார். செயலின் வகையை ஆராய்ந்தமைந்தபின், அதனைச் செய்தற்குரிய வலியும் காலமும் இடனும் தனித்தனியே ஆராயத்தக்கன என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படும். இடனறிதலில் அவர் தேரையும் நாவாயையும் எடுத்துக்காட்டி, ஒன்றன் களம் மற்றொன்றன் களமாகாமையை உணர்த்துகின்றார். தேரிற் குறையில்லை, நாவாயிலும் குறையில்லை. குறை களம் அறியாது செலுத்துவோனிடத்தது.

இலாகவ முறையைத் தம் நிறுவனத்திற் புகுத்த விழைவோர் அதன் பெயரையும் சடங்கையும் கற்குமுன் மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே விடுத்தல் நன்று. இன்று செய்த பிழை நாளை தெரியவரின் அதனைத் திருத்தும் செலவு யாது? அச்செலவை ஏற்போர் யார்: பிழை செய்தவரா, அன்றி நோயாளியும் மாணவனும் வரிசெலுத்துவோனுமா? பிழையைக் கண்ட கடைநிலை ஊழியன் அஞ்சாது கயிற்றை இழுக்கலாமா? இவற்றுக்குத் தக்க விடை உள்ள இடத்தில், அது மென்பொருட் கூடமாயினும் வைத்தியசாலையாயினும் வகுப்பறையாயினும், இம்முறை பயன்தரும். விடை இல்லாதவிடத்துச் சுவரில் ஒட்டிய வண்ணத் தாள்கள் சுவரை மட்டுமே அலங்கரிக்கும். நூறாண்டுக்கு முன் ஒரு தறி, இழை அறுந்ததும் நின்றது. அவ்வாறு நிற்பதற்கு இடங்கொடுக்கும் நிறுவனமே அத்தறியின் வழிவந்த இம்முறைக்கு உரித்துடையது.